தொண்டை எரியாத க்ரீமி பூண்டு சூப்

பூண்டு சூப் என்றதும் வாடை தூக்கும், காரம் தொண்டையைப் பிடிக்கும் என்று ஒதுங்குகிறவர்கள்தான் இதை முதலில் செய்து பார்க்க வேண்டும். பூண்டை நசுக்கும்போதோ நறுக்கும்போதோதான் அந்தக் காரம் உண்டாகிறது. அதுவரை உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருட்கள் அப்போதுதான் ஒன்றுசேர்வதால் அல்லிசின் என்ற காரமான பொருள் உண்டாகிறது. பல் முழுசாகவே வெந்துவிட்டால் அதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஒரு மெல்லிய இனிப்புதான் மிஞ்சும். அதனால் தட்டாதீர்கள், நறுக்காதீர்கள், இஞ்சி பூண்டு விழுது பக்கமே போகாதீர்கள்.

மூன்று பேருக்கு இரண்டு முழுப் பூண்டு, அதாவது பெரிய பல்லாக ஒரு 25 வேண்டும். மலைப்பூண்டு கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் பூண்டு மணத்தில் தனி ரகம். கூடவே நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று, பாதி பெரிய வெங்காயம், ஒன்றரை டேபிள்ஸ்பூன் வெண்ணெய், மூன்று கப் தண்ணீர், அரை கப் காய்ச்சிய பால், மிளகுத்தூள், உப்பு. மைதாவோ சோள மாவோ வேண்டாம், கெட்டித்தன்மையை உருளைக்கிழங்கே கொடுத்துவிடும், மாவு வாசனையும் வராது. பூண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தோல் சுலபமாகக் கழன்று வரும்.

அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, பூண்டைப் போட்டு, தீயை நன்றாகக் குறைத்து, எட்டு பத்து நிமிடம் பொறுமையாக வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பல்லின் மேல் அங்கங்கே பொன்னிறம் தட்டும், பச்சை வாடை போய் நெய் காய்ச்சும்போது வருவது போல ஒரு வாசனை அடுப்படியில் பரவும், அதுதான் பதம். கருகிய பல் இருந்தால் யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிடுங்கள், ஒன்றிரண்டு இருந்தாலே சூப் முழுக்கக் கசக்கும்.

அப்புறம் வெங்காயம், பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கு, உப்பு சேர்த்து ஒரு பிரட்டு பிரட்டி, தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு 15 நிமிடம் வேக விடுங்கள். ஒரு பல்லைக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் மசிய வேண்டும்.

நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸி. சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிக் கையில் தெறிக்கும், இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். வடித்த தண்ணீரைத் தனியே வைத்துவிட்டு, வெந்ததை மட்டும் முதலில் அரைத்து, பிறகு அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் ஓட விடாதீர்கள், உருளைக்கிழங்கு பசையாக இழுக்க ஆரம்பித்துவிடும்.

மறுபடி சிறு தீயில் வைத்து, சூடேறியதும் பாலை ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்க விட வேண்டாம், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடலாம். எலுமிச்சை பிழிந்தால் பால் திரிந்துவிடும், புளிப்பு வேண்டுமானால் பக்கத்தில் ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள். மிளகை அப்போதே இடித்துப் போட்டால்தான் வாசம். வெண்ணெயில் வாட்டிய ரொட்டித் துண்டு தொட்டுக்கொள்ளச் சரியாக இருக்கும். மிச்சமிருந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் கெட்டியாகிவிடும், கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் சூடாக்கினால் போதும்.