‘பணத்துக்காகத்தானே மிரட்டினார்கள்?’: கும்பலுக்குப் பயந்து வருபவரின் மனுவைப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் ‘ரெண்டா’ என்று ஒரு சொல் உண்டு. நேர் அர்த்தம் வாடகை. தெருவில் கடை போட்டவரும் பஸ் ஓட்டுபவரும் அந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்த கும்பலுக்குக் கட்டிவந்த பணம் அது. நம் ஊர் ரவுடி மாமூல் மாதிரிதான். ஆனால் கட்டாவிட்டால் கடையை உடைப்பதோடு விடமாட்டார்கள், உயிரே போகலாம்.

இப்படிப் பயந்து நாட்டை விட்டு வந்தவர் வேறு நாட்டில் புகலிடம் கேட்டால், “பணத்துக்காக மிரட்டியிருக்கிறார்கள், இது சாதாரணக் குற்றம்” என்று ஃபைலை மூடிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒருவரை அகதியாக ஏற்க 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என 5 காரணங்களைச் சொல்கிறது. கும்பல் என்ற பேச்சே அதில் கிடையாது. அதனால் பயம் உண்மைதானா என்று பார்த்த கையோடு “ஏன் இவரை?” என்றும் கேட்டாக வேண்டும்.

ஓர் உதாரணம். சோள ரொட்டி விற்கும் பெண் மாதாமாதம் ரெண்டா கட்டி வருகிறார். அவருடைய தம்பி ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்கிறான். அடுத்த வாரமே ரெண்டா இரண்டு மடங்காகிறது. வசூலுக்கு வந்தவன், “தம்பியிடம் சொல்லிவை” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறான். நேர்காணலில் இந்தப் பெண் முதலில் சொல்வது பணக் கணக்கைத்தான். தம்பி பேச்சு நாலாவது கேள்வியில் வரும். அதற்குள் அதிகாரி ‘மிரட்டிப் பணம் பறித்தல்’ என்று எழுதி முடித்திருந்தால், போச்சு. அமெரிக்காவின் 2005 சட்டப்படி, உடன்படிக்கையில் உள்ள காரணம் மையக் காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும். பணத்தாசையும் கூடவே இருக்கலாம்.

மனு எழுதித் தருபவர்களும் சறுக்குவதுண்டு. ‘கும்பலால் மிரட்டப்பட்டவர்கள்’ என்று சமூகக் குழுவை வரையறுத்தால் நிற்காது. நேர்ந்த தீங்கை வைத்தே குழுவை உண்டாக்க முடியாது. இந்தப் பெண்ணுக்குத் தம்பியோடு இருக்கும் குடும்ப உறவு போல மாற்ற முடியாத ஒன்று வேண்டும்.

“போலீசில் ஏன் புகார் கொடுக்கவில்லை?” என்ற கேள்வியும் தப்பாமல் வரும். கேட்கலாம், தப்பில்லை. புகார் கொடுக்காததையே மறுக்கக் காரணமாக்குவதுதான் தப்பு. காப்பாற்ற முடியாத அரசு என்று நிரூபிப்பதற்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்று கனடா உச்ச நீதிமன்றம் 1993-லேயே வார்ட் வழக்கில் சொல்லிவிட்டது.

“வேறு ஊருக்குப் போயிருக்கலாமே?” என்பதும் அப்படித்தான். எல் சால்வடோர் பரப்பளவில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான். அடையாள அட்டையில் முகவரி இருக்கும். கும்பல்கள் ஆதிக்கம் செய்த காலத்தில், புதிதாக வந்தவரைக் கும்பல்காரர்கள் நிறுத்தி அட்டையைப் பார்த்தாலே, எதிர்க் கும்பலின் பகுதியிலிருந்து வந்தவரா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, அந்த நாட்டின் நிலைமையைச் சொல்லும் பழைய அறிக்கையை வைத்து முடிவெடுப்பது. 2022 மார்ச்சில் கும்பல்களை ஒடுக்க அங்கே அவசரநிலை வந்தது. 80,000 பேருக்கு மேல் கைதானார்கள், கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆதாரமே இல்லாமல் பிடித்து உள்ளே போட்டதாகவும் ஏராளமான புகார்கள். இன்று அங்கிருந்து வரும் இளைஞர் போலீசுக்குப் பயந்தும் வந்திருக்கலாம். அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.