மாலையில் வேலையை மறக்க, பகலில் வேலையைத் திருத்துங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது அலுவலக நினைவு வரக்கூடாது என்று உறுதி எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. வீடுவரை தொடர்ந்து வருவது முடிவு தெரியாமல் விடப்பட்ட வேலை. அதன் வேர் பகலில் இருப்பதால் திருத்தத்தையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஊழியர் தம் வேலையின் வடிவத்தைத் தாமே மாற்றிக்கொள்வதைப் பற்றி மேலாண்மை ஆய்வாளர்களான எமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் விரிவாக எழுதினார்கள். செய்யும் பணிகள், பழகும் மனிதர்கள், வேலையைப் பார்க்கும் பார்வை ஆகிய மூன்றையும் மாற்றலாம் என்பது அவர்கள் கருத்து. இவற்றுள் பார்வையை மட்டும் மாற்றிக்கொள்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சுமை குறையாத இடத்தில் அது பொறுத்துப்போகும் பழக்கமாகவே முடியும்.

முதலில் ஒரு சிறு நோட்டில், வீட்டில் இருக்கும்போது எந்த வேலை நினைவுக்கு வந்தது, அது யாரால் வந்தது என்று சில வாரங்கள் குறித்துவாருங்கள். குறிப்புகள் ஓரிரு இடங்களையே திரும்பத் திரும்பச் சுட்டக்கூடும். அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு, மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி வரிக்கான விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஐத் தாக்கல் செய்ய வேண்டியிருக்க, விற்பனைப் பிரிவின் பில்கள் 10ஆம் தேதி மாலையில்தான் வந்து சேர்கின்றன என்றால், அவருடைய தூக்கத்தைக் கெடுப்பது அந்தத் தாமதமே. பில்களை 5ஆம் தேதிக்குள் தரும்படி மேலாளர் வழியாக ஒரு நடைமுறையை ஏற்படுத்துவதும், விற்பனைப் பிரிவில் பொறுப்பான ஒருவரோடு நேரடியாகப் பேசிவைப்பதும் அவருடைய வேலையையே மாற்றிவிடும்.

சென்னையின் ஐடி நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக உழைப்பவர்களின் சிக்கல் வேறு. நியூயார்க்கின் காலை 10 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 7.30க்கு நடக்கும், நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றியபின் அது 8.30 ஆகிவிடும். யாரும் கேட்காததாலேயே மார்ச் வரை அந்த ஒரு மணி நேரம் நம் குடும்பத்திலிருந்து போகிறது. அக்டோபரிலேயே, "சார், குளிர்காலத்தில் கூட்டத்தை அவர்களுடைய 9 மணிக்கு வைத்துக்கொண்டால் நாங்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள முடியும்" என்று கேளுங்கள். குழுவாகக் கேட்பது நல்லது.

அடுத்தது, கிளம்புமுன் உள்ள கடைசிப் பதினைந்து நிமிடம். முடியாத காரியத்துக்குத் தெளிவான திட்டம் வகுத்துவிட்டால் அது மனத்தில் குறுக்கிடுவது குறைகிறது என்று மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே "ரிப்போர்ட் பாக்கி" என்று எழுதினால் போதாது. "நாளை 10 மணிக்கு இரண்டாம் அட்டவணையின் எண்களைச் சரிபார்த்துவிட்டு முன்னுரையைத் தொடங்குவேன்" என்று எழுத வேண்டும்.

போனைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப் குழுவை ம்யூட் செய்யுமுன், உண்மையான அவசரத்துக்கு அழைப்பு, மற்றவற்றுக்கு மறுநாள் காலை என்று அனைவரிடமும் சொல்லிவிடுங்கள். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமைக்குச் சட்டம் உண்டு. நம் மக்களவையில் 2018 டிசம்பரில் எம்.பி. சுப்ரியா சுலே இதே உரிமைக்காக அறிமுகப்படுத்திய தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஆகவே பேசி வைத்துக்கொள்ளும் உடன்பாடே இங்கே நமக்குத் துணை.

மாலை நேரம் மீண்ட பிறகு அதை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி எழும். சொன்னென்டாக், ஃபிரிட்ஸ் ஆகியோரின் 2007ஆம் ஆண்டு ஆய்வு, வேலையிலிருந்து மனம் விலகுவதோடு இளைப்பாறுவது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, நேரத்தைத் தாமே தீர்மானிப்பது ஆகியவற்றையும் களைப்பு நீங்கும் வழிகளாகக் கொள்கிறது. திருவான்மியூர் கடற்கரையில் நடப்பதும், பாதியில் விட்ட மிருதங்க வகுப்பைத் தொடர்வதும் இவற்றில் அடங்கும். ஆனால் வீடு திரும்பியதும் அடுப்படிக்குள் போக வேண்டிய பெண்ணுக்கு அந்தக் கடைசி உரிமை எளிதில் வாய்ப்பதில்லை. வாரத்தில் எந்தெந்த மாலைகளில் சமையலை யார் ஏற்பது என்று வீட்டாருடன் முன்கூட்டியே முடிவு செய்து, அதையும் அதே நோட்டில் எழுதிவையுங்கள்.