எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டா? முதலில் மெயிலுக்குத் தனி பாஸ்வேர்டு வையுங்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பிரவுசிங் சென்டரில் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள், வீட்டில் இருக்கும் பிரின்ட் அவுட்டைத் திருப்பிப் பாருங்கள். பலருக்குப் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய ஒரு வரி இருக்கும்: பெயர், ஒரு அட் குறி, பிறகு 123. தேர்வுக் கணக்குக்கும் அதுதான், ஜிமெயிலுக்கும் அதுதான். வேலை கிடைத்ததும் பி.எஃப். கணக்குக்கும் அதுவே தொடரும்.

பாஸ்வேர்டைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து ஊகிப்பதில்லை. எங்கோ ஒரு தளத்தின் தகவல் திருடு போகிறது. அதில் கிடைத்த மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு புரோகிராம் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறது. ஃபைல்களை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனத்துக்கே இது நடந்தது. வேறு தளத்தில் திருடு போன பாஸ்வேர்டையே ஊழியர் ஒருவர் அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்தார். 2012-இல் அதை வைத்து உள்ளே புகுந்தார்கள். அந்த ஆண்டு களவுபோன பட்டியல் 2016-இல் வெளியே வந்தபோது, 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் அதில் இருந்தது.

மெயில்தான் எல்லாவற்றுக்கும் வேர். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று எங்கே அழுத்தினாலும் லிங்க் அங்கேதான் வருகிறது.

படி 1: ஆப்பைப் போடுங்கள்

கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு என்று வைத்தால் எல்லாம் நினைவில் நிற்காது. அவற்றைப் பூட்டி வைத்துத் தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கும் ஆப்தான் பாஸ்வேர்டு மேனேஜர். புதியவர்களுக்கு நான் சொல்வது பிட்வார்டன். இலவசமாகவே எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும் வைக்கலாம், போனிலும் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். பிளே ஸ்டோரில் இறக்கி, மெயில் முகவரி கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள்.

படி 2: மாஸ்டர் பாஸ்வேர்டு

பிட்வார்டனைத் திறக்கும் பாஸ்வேர்டு இது. இனி மனப்பாடமாகத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான், அதனால் அவசரப்படாதீர்கள். ஏதாவது ஒரு புத்தகத்தைக் கண்ட பக்கத்தில் பிரித்து, தொடர்பில்லாத ஐந்து சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘முருங்கை தகரம் எருமை சாவி மழை’ மாதிரி. (இதையே வைக்காதீர்கள்!) பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி வேண்டவே வேண்டாம்.

மறந்தால் பிட்வார்டன் நிறுவனத்தாலும் எடுத்துத் தர முடியாது. பாஸ்வேர்டுகள் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் அவர்களிடம் போகின்றன. எனவே ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ‘எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமா?’ என்று கேட்பது நியாயம்தான். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற வேறொரு பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து, வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் இருந்த பூட்டிய பெட்டகங்களே திருடு போயின. பெட்டகம் போனாலும் திறக்க முடியாமல் காப்பது மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளம்தான்.

படி 3: ஜிமெயிலை மாற்றுங்கள்

பிட்வார்டனில் புதிய பாஸ்வேர்டை உருவாக்கித் தரும் ஜெனரேட்டரைத் திறந்து, நீளத்தை 16-க்கு மேல் வைத்து, வருவதை ஜிமெயிலின் புதிய பாஸ்வேர்டாகப் போட்டுச் சேமியுங்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் போடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய போனில் பிட்வார்டனைத் திறந்தால் மெயிலுக்கு ஒரு கோட் அனுப்பும். மெயில் பாஸ்வேர்டோ பிட்வார்டனுக்குள்ளேயே இருக்கும். போன் தொலைந்தால் இரண்டுக்குமே வழி இருக்காது. ஆகவே ஜிமெயில் பாஸ்வேர்டையும் போன் இல்லாதபோதும் உள்ளே போக கூகுள் தரும் பேக்கப் கோடுகளையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

படி 4: ஆட்டோஃபில்

பாஸ்வேர்டைத் தானாகவே நிரப்பித் தருவதுதான் ஆட்டோஃபில். போன் செட்டிங்ஸில் அந்தச் சேவையாக பிட்வார்டனைத் தேர்ந்தெடுங்கள். தட்டச்சு மிச்சம் என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று இதில் உண்டு. ‘கேஒய்சி முடியப்போகிறது’ என்று வரும் எஸ்எம்எஸ் லிங்கைத் தொட்டால், வங்கிப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். நம் கண் ஏமாறலாம். பிட்வார்டனோ, திறந்திருக்கும் தளத்தின் முகவரியைத்தான் பார்க்கிறது. வழக்கமாக நிரப்ப வருவது வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடைக் கம்ப்யூட்டரில் மாஸ்டர் பாஸ்வேர்டை அடிக்கவே கூடாது. தேவையான ஒரு பாஸ்வேர்டை மட்டும் போனில் பார்த்து அடியுங்கள், பிரவுசர் ‘சேவ்’ கேட்டால் மறுத்துவிடுங்கள், முடிந்ததும் லாக் அவுட்.

படி 5: மீதிக் கணக்குகள்

வங்கி, பி.எஃப்., தேர்வுக் கணக்கு மூன்றையும் இந்த வாரமே மாற்றுங்கள். மற்றவற்றை அடுத்த முறை உள்ளே போகும்போது மாற்றினால் போதும். எது அவசரம் என்று தெரிய, இணையப் பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் மெயில் முகவரியை மட்டும் போட்டுப் பாருங்கள். எந்தெந்தத் தளத்தின் திருட்டில் உங்கள் முகவரி சிக்கியது என்று அது சொல்லும். அது காட்டும் தளங்களில் வைத்திருந்த பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் முதலில் மாற்றுங்கள்.