பள்ளியின் லினக்ஸ் டெஸ்க்டாப்பை எந்தக் கணினியிலிருந்தும் திறப்பது எப்படி?

ஆய்வகத்தில் உபுண்டு மேட்டே என்ற லினக்ஸ் போட்ட கணினி ஒன்று இருக்கிறது, அதை ஆசிரியர்களும் மாணவர்களும் அவரவர் இடத்திலிருந்தே பயன்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வழிகள் பல உண்டு. நான் சொல்வது எக்ஸ்டூகோ (X2Go), அதாவது ஒரு கணினியின் டெஸ்க்டாப்பை இன்னொரு கணினியில் காட்டும் மென்பொருள். இலவசம், இணைப்பு மந்தமாக இருந்தாலும் சமாளிக்கும். ஆய்வகத்தில் பாதியில் விட்ட வேலையை ஸ்டாஃப் ரூம் கணினியில் விட்ட இடத்திலிருந்தே தொடரவும் முடியும்.

பள்ளிக் கணினியில்

மென்பொருள் நிறுவும் செயலியான சினாப்டிக்கைத் திறந்து எக்ஸ்டூகோ சர்வர் (x2goserver), எக்ஸ்டூகோ சர்வர் எக்ஸ்செஷன் (x2goserver-xsession) இரண்டையும் நிறுவுங்கள். பாதுகாப்பான தொலை இணைப்பைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் (openssh-server) இல்லையென்றால் அதுவும் வேண்டும். லினக்ஸில் டெஸ்க்டாப் வகைகள் பல உண்டு; இங்கே மேட்டே அல்லது எக்ஸ்எஃப்சிஇ ஆக இருக்கட்டும். க்னோம் என்ற வகை இதோடு ஒத்துப்போகாது. அப்புறம், ஐபி முகவரி அடிக்கடி மாறாதபடி ரவுட்டரில் நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு தொடங்குங்கள். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுத்தால் யார் கோப்பை யார் அழித்தார் என்று தெரியாது. எல்லாரும் செலவழிப்பது அந்த ஒரே கணினியின் ரேமைத்தான் என்பதும் நினைவிருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து ஃபயர்பாக்ஸைத் திறந்தால் திணறிவிடும்.

உங்கள் கணினியில்

எக்ஸ்டூகோ கிளையன்ட்டை நிறுவுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் கிடைக்கிறது. மேக்கில் லினக்ஸ் சாளரங்களைக் காட்ட உதவும் எக்ஸ்குவார்ட்ஸும் (XQuartz) வேண்டும். திறந்ததும் புது செஷன் உருவாக்கும் பெட்டி வரும். ஹோஸ்ட் என்ற இடத்தில் பள்ளிக் கணினியின் முகவரி (உதாரணமாக 192.168.1.10), லாகின் என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயர். போர்ட் 22 அப்படியே இருக்கட்டும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது அதே பெட்டியின் கீழே உள்ள செஷன் டைப்பில்தான். அங்கே முன்னிருப்பாக கேடிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப் வகை இருக்கும். அதை மேட்டே என்று மாற்றாவிட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தும் டெஸ்க்டாப் வராது.

சேமித்து, செஷனைச் சொடுக்கி, கடவுச்சொல் கொடுங்கள். முதல்முறை மட்டும் இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லலாம். பின்னொரு நாள் பள்ளிக் கணினியின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்று எச்சரித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாமல் நிர்வாகியிடம் கேளுங்கள்.

இடம் மாறும்போது

கிளையன்ட் சாளரத்தில் செஷனை இடைநிறுத்தவும் முடிக்கவும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. இடைநிறுத்தினால் திறந்திருந்த லிப்ரெஆபிஸ் கோப்பு அப்படியே காத்திருக்கும். வேறு கணினியில் அதே கணக்கில் நுழைந்தால், சேமிக்காத வரி உட்பட அதே திரை வரும். முடிக்கும் பொத்தானை அழுத்தினால் சேமிக்காதது போச்சு.

வீட்டிலிருந்து நுழைய வேண்டுமானால் 22ஆம் போர்ட்டை இணையத்துக்கு அப்படியே திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் மறையாக்கிய தனி வழி) ஒன்றை அமைத்து, அதன் வழியாக நுழையுங்கள்.

கடைசியாக, தமிழ்த் தட்டச்சு. உங்கள் விண்டோஸில் உள்ள தமிழ் விசைப்பலகை அங்கே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். பள்ளிக் கணினியிலேயே பிறமொழித் தட்டச்சுக்கான ஐபஸ் (ibus), எம்17என் (ibus-m17n) நிறுவி, அதில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் பக்கம் ஆங்கில விசைப்பலகையே இருக்கட்டும்.