மனசு விழுந்து கிடக்கும்போது சாமியை எப்படிப் பிடித்துக்கொள்வது

கஷ்டம் வந்தால் சாமியை நம்பு என்று எல்லாரும் சொல்வார்கள், எப்படி நம்புவது என்று சொல்லித் தருபவர்கள் குறைவு. விடிந்தாலும் போர்வையை விலக்க மனம் வராமல் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு சொல் போதாது. அதனால் 2022இல், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், நான் செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருஷம் எப்படி இருந்தது என்று மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோதுமை மா விலை ஏறி ரொட்டியை எண்ணிச் சுட்டோம், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம், கொழும்பில் கடையில் வேலை செய்த தம்பி வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டான், அம்மா முழங்கால் வீக்கத்தோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாலும் கிலோ சேராமல் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழுந்தது. இதற்கு மேல் லோன் கடன். நான் சாமிப் படத்தின் பக்கம் திரும்புவதையே விட்டிருந்தேன், அவ்வளவு கோபம்.

முதல் வேலை, அந்தக் கோபத்தை சாமியிடமே கொண்டுபோய்க் கொட்டுவது. என் அம்மாயி மாரியம்மனிடம் சண்டை பிடிப்பார். "உனக்குக் கண்ணில்லையா தாயே, பிள்ளைக்கு மருந்து வாங்கக் காசில்லாத நேரம் பார்த்து இப்படி மழையைக் கொட்டுறியே" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் திருநீறு எடுப்பார். அது பாவம் என்று நினைத்து நான் பல காலம் பயந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன், பெற்ற தாயிடம் சண்டை போடுகிற பிள்ளை தாயை விட்டுப் போகவில்லை என்றுதான் அர்த்தம். மொத்தமாக "எல்லாம் கஷ்டம்" என்று சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை லோன்காரர் வருவார், கையில் 800 ரூபாய்தான் இருக்கிறது என்று கணக்கோடு சொல்லுங்கள். எனக்கு அப்படிச் சொன்ன பிறகுதான் பயத்துக்கு ஒரு அளவு இருக்கிறது என்றே தெரிந்தது.

அப்புறம் விளக்கு. தினமும் ஒரே நேரம், பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும் முன். எண்ணெய் விலைக்குப் பயந்து நான் அரைத் தேக்கரண்டிதான் விடுவேன், பழைய வேட்டித் துணியைக் கிழித்து நூலாகத் திரித்த திரி, ஈர விறகு புகைந்து புகைந்து தேத்தண்ணி கொதிக்கிற வரைக்கும் அது எரியும். அந்தச் சுடர் நிற்கும் வரை கடனை நினைப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். முதல் பத்து நாள் முடியவில்லை, நினைவு அங்கேதான் ஓடியது. பரவாயில்லை, மறுநாளும் ஏற்றுங்கள். மனசு வந்தால் ஏற்றுவோம் என்று காத்திருந்தால் மனசு வராது, கை முதலில் போக வேண்டும்.

கோயிலுக்குப் போக நேரமில்லையா, கவலைப்பட வேண்டாம். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து, வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்து வந்த நம் முன்னோர்கள் சாமியைக் கோபுரத்துக்குள் மட்டும் வைக்கவில்லை. தேயிலைச் செடியை வெட்டிவிடக் கவ்வாத்துக் கத்தி எடுக்கிற இடத்தில் கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலை ரோதைக்கு, அதாவது இயந்திரச் சக்கரத்துக்கு, பக்கத்தில் ரோதைமுனி. வேலை செய்கிற இடத்துக்கே சாமியைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். நீங்களும் தேயிலை நிரையில் நின்றுகொண்டே, கூடைக் கயிறு தலையில் இருக்கும்போதே, ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

சந்தோஷம் தனியாக இருந்து வராது, இது என் அனுபவம். வெள்ளிக்கிழமை பூசைக்குப் போங்கள், குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பஜனையில் சேர்ந்து பாடுங்கள், பாட முடியாவிட்டால் ஒரு ஜால்ராவைக் கையில் வாங்குங்கள், அதுவும் முடியாவிட்டால் கோயில் முற்றத்தைக் கூட்டுங்கள். மாசியில் காமன் கூத்து நடந்தால் இரவு முழுக்க இருந்து பாருங்கள். காமன் எரிந்து போகிறான், ரதி அழுகிறாள், ஊரே அவளோடு சேர்ந்து அழுகிறது, பிறகு அவனுக்கு உயிர் திரும்புகிறது. சொந்தக் கவலைக்கு அழ முடியாமல் இறுகிப் போயிருந்த நான் ரதிக்காக அழுதேன், விடியற்காலையில் வீட்டுக்கு நடந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். கடன் வாங்கி நேர்த்திக்கடன் வைக்காதீர்கள், அம்மன் உங்கள் காதுத் தோட்டை அடகு வைக்கச் சொல்லவில்லை. கஷ்டத்தில் இருப்பவரிடம் "உன் கர்மவினை" என்று சொல்பவரின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று லோன்காரரிடம் ஒளிந்து திரியாமல் நேரில் போய் தவணை கேளுங்கள், நான் கும்பிட்டுவிட்டுத்தான் போனேன், கால் நடுங்கியது, ஆனாலும் வாய் பேசியது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாகலாம் என்ற நினைவு வருகிறது என்றால் 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். உதவி கேட்பது நம்பிக்கைக் குறைவு இல்லை.

எங்கள் கடன் அந்த வருஷம் தீரவில்லை, அடுத்த ஆடியில்தான் கடைசித் தவணை கட்டினோம். ஆனால் அதற்கு எத்தனையோ மாதம் முன்பே, ஒரு காலையில், விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்க, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா வெள்ளிக்கிழமைப் பாட்டு ஒன்றை மெல்லப் பாட ஆரம்பித்தார். தம்பி போர்வைக்குள் இருந்தபடியே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தான்.