பழைய பாணி மெற்றலைப் புதிதாகக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனத்த மின்கிற்றார் ஒலி கொண்ட ராக் இசையான ஹெவி மெற்றலை வாசிக்கும் பிரித்தானியக் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ற்றின் முதல் இசைத்தொகுப்பு 1974 இல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 8 ஆம் நாள், அதன் பத்தொன்பதாவது தொகுப்பான ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ வந்தபோது பாடகர் ரொப் ஹல்ஃபோர்டுக்கு வயது 72. இரண்டு மின்கிற்றார்கள், தெளிவான உச்சக்குரல், பல்லவி திரும்பி வரும் பாட்டமைப்பு என மரபான ஹெவி மெற்றலின் இலக்கணத்தை விட்டு அதிகம் விலகாத தொகுப்பு அது. கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் சிலர் அதைக் கைபேசியில் கேட்டுவிட்டு, “ஒரே இரைச்சல்” என்றும், “பழசையே திரும்பவும் வாசிக்கிறார்கள்” என்றும் குறை சொன்னார்கள். அவர்கள் கேட்ட விதத்தைப் பார்த்த பிறகு, இந்தப் பாணிக்குரிய பிற தொகுப்புகளையும் நாம் இப்படித்தான் கெடுத்துக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, பேஸை, அதாவது தாழ்ந்த அடி ஒலியை, ஏற்றி வைத்துக் கேட்பது. ஒருமுறை கரடிப்போக்குச் சந்தியிலிருந்து பரந்தன் வரை ஓர் ஓட்டோவில் போனேன். இருக்கைக்குப் பின்னால் பொருத்திய பொக்ஸ் அதிர்ந்த அதிர்வில் முதுகு நடுங்கியதே தவிர, கிற்றார் என்ற ஒன்று அந்தப் பாட்டில் இருப்பதாகவே தெரியவில்லை. சினிமாக் குத்துப்பாட்டுக்கு அந்த ஏற்பாடு பொருந்தலாம். மரபு மெற்றலின் கனமோ அடி ஒலியில் இல்லாமல் நடு ஒலியில் இருக்கிறது. வழமையான சுருதியில் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹேட்ஸில் ஒலிக்கிறது. கிற்றார் பெருக்கியின் ஒலிபெருக்கியோ 5,000 ஹேட்ஸ் அளவைத் தாண்டினால் விரைவாக ஓய்ந்துவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில்தான் கிற்றாரின் உறுமல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பேஸ் கிற்றாரும் காலால் அடிக்கும் பெரிய றம்மும் அதற்குக் கீழே நின்று தாங்குகின்றன. கீழே இருப்பதை ஊதிப் பெருக்கினால் நடுவில் இருப்பது மூழ்கிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். பேஸே இல்லாத அந்தச் சின்னஞ்சிறு பெட்டிகள், இன்றைய ஓட்டோ பொக்ஸை விட இந்த இசைக்கு நியாயம் செய்திருக்கும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒலிச் சமன்படுத்தியில் உள்ள எல்லாக் கோடுகளையும் நடுவில் வைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த தவறு நட்பினால் வருவது. முல்லைத்தீவு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு நண்பர்கள் ஹெட்போனின் இரு முனைகளையும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வார்கள். இரட்டைக் கிற்றார்க் குழுக்களின் ஒலிப்பதிவில் ஒரு கிற்றார் பெரும்பாலும் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் நிறுத்தப்படும். ஆகவே ஒரே பாட்டைக் கேட்பதாக நினைக்கும் அந்த இருவரும் உண்மையில் அரைப் பாட்டை அரைப் பாட்டாகக் கேட்கிறார்கள். இருவர் சேர்ந்து வாசிப்பது நமக்குப் புதிதல்ல. கோயில் மேளத்தில் இரண்டு நாதஸ்வரங்கள் ஒரே மெட்டை ஒன்றாக எடுத்துச் செல்வதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: நாதஸ்வரங்கள் ஒரே சுரத்தில் இணையும், மெற்றலின் இரட்டைக் கிற்றார்கள் பல இடங்களில் ஒன்று வாசிக்கும் சுரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் சுரத்தை மற்றது வாசிக்க, கைகோத்தபடி ஏறி இறங்கும். ஜூடாஸ் பிரீஸ்ற்றில் 1970களில் கே. கே. டவுனிங்கும் கிளென் டிப்டனும் நிலைநிறுத்திய, அயன் மெயிடன் குழு தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்ட இந்த வாசிப்பு ஒற்றைக் காதுக்குக் கிடைக்காது.

இனி, “பழசையே வாசிக்கிறார்கள்” என்ற குறைக்கு வருவோம். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்க்கப் போகிறவர் எவரும், “இந்த முறையும் கோவலன் தானா கொல்லப்படுகிறான்” என்று சலித்துக்கொள்வதில்லை. கண்ணகியாக ஆடியவரின் குரல் எப்படி, எந்த விருத்தத்தை எப்படி இழுத்தார், தாளக்கட்டு எங்கே பிசகியது என்றுதான் விடிய விடியப் பேசுவார்கள். மரபுக்குள் நின்று செய்யப்பட்ட ஒரு மெற்றல் தொகுப்பையும் அந்தக் கண்ணோடுதான் அணுக வேண்டும். ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ தொகுப்பின் முதல் பாட்டு, அதே குழு 1986 இல் பயன்படுத்திச் சொந்த ரசிகர்களிடமே ஏச்சு வாங்கிய சிந்தசைசர்க் கிற்றார் ஒலியை (மின்னணுக் கருவியால் உருமாற்றிய கிற்றார் ஒலியை) நினைவூட்டித் தொடங்குகிறது. அப்போது வெறுக்கப்பட்டதை இப்போது வாசற்படியில் வைப்பது வெறும் நகலெடுப்பு அல்ல, ஒரு குறும்பு. அந்தப் பழைய சண்டையை அறியாதவர் அதை ஓர் அலங்காரமாக நினைத்துக் கடந்துவிடுவார். ஆகவே புதிய தொகுப்புக்கு முன்னர், 1980 இல் வந்த ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ போன்ற பழைய தொகுப்பு ஒன்றையேனும் கேட்டிருப்பது நல்லது.

அப்படி ஒப்பிடும்போது வேறொரு பொறி காத்திருக்கிறது. புதிய பதிவுகள் பழையவற்றை விட உரத்த ஒலியளவில் வெட்டி முடிக்கப்படுகின்றன. உரத்தது சிறந்தது என்று காது ஏமாந்துவிடும். 2008 இல் மெற்றாலிக்கா குழுவின் ‘டெத் மக்னெற்றிக்’ வந்தபோது, உரத்துக் கேட்க வேண்டுமென்று ஒலியின் ஏற்ற இறக்கம் அளவுக்கு மீறி அமுக்கப்பட்டதால் ஒலி பிசிறடிக்கிறது என்று ரசிகர்களே முறையிட்டார்கள்; அதே பாட்டுகள் ஒரு கணினி விளையாட்டில் அத்தனை அமுக்கப்படாமல் வந்திருந்தது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பழையதைச் சற்றுக் கூட்டி, புதியதைச் சற்றுக் குறைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒலியளவு பற்றிச் சொல்ல இன்னொன்றும் உண்டு, அது எங்கள் மண்ணுக்கு மட்டுமே உரியது. 2009 ஐக் கடந்து வந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில், இரு கால்களாலும் விடாமல் அடிக்கப்படும் றம் ஒலியைப் பொக்ஸில் திடீரெனத் திறந்துவிடுவது தவறு. அதை இரசனைக் குறைவு என்று அவர்கள் மேல் போடக் கூடாது. சுவருக்கு அப்பால் கேட்கும் அந்த அதிர்வு அவர்களுக்கு வேறு எதையோ சொல்கிறது. ஹெட்போன் இருக்கிறது.

பெயரையும் அட்டைப்படத்தையும் பார்த்துப் பேய் வழிபாடு என்று பயப்படுவது பழைய தவறு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளக் சபத் குழு தன் பெயரை ஒரு திகில் திரைப்படத்திலிருந்து எடுத்தது. பாட்டில் ஒளித்துவைத்த கட்டளை இருப்பதாக ஜூடாஸ் பிரீஸ்ற் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1990 இல் நெவாடா நீதிபதி குழுவுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார்.

கடைசியாக, கேட்பதோடு நில்லாமல் கிற்றாரையும் கையில் எடுத்தவர்களுக்கு. இங்கே பெரும்பாலானோர் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை முழுவதும் திருப்பி வைத்துக்கொண்டு, ஒலி ஏன் தொகுப்பில் உள்ளது போல வரவில்லை என்று கேட்கிறார்கள். 1980ஆம் ஆண்டுக் காலத்துப் பதிவுகளின் கிற்றார், நாம் நினைப்பதை விட எவ்வளவோ தெளிவானது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கும். அந்த இறுக்கம் வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தந்திகள் தொடங்கும் இடத்தில் மெல்ல அழுத்தி வைத்து வாசிப்பதால் வருகிறது. கெயினைப் பாதிக்குக் குறைத்தால் முதல் ஒரு கிழமை ஒலி மெலிந்துதான் கேட்கும், பிழைகளும் ஒன்றுவிடாமல் வெளியே தெரியும்.