ஐந்தரை மணி நேர வித்தியாசம்: சைபர் கிரைம் வேலைக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை, பாளையங்கோட்டை சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பிள்ளைகளில் பலர் இப்போது சைபர் கிரைம் பக்கம் வர ஆசைப்படுகிறார்கள். சந்தோஷமான விஷயம். மாவட்டத்துக்கு ஒன்று, மாநகரத்துக்கு ஒன்று என்று சைபர் கிரைம் காவல் நிலையங்கள் வந்துவிட்டன. புகார்களுக்குக் குறைவில்லை, லாக் ஃபைலை, அதாவது யார் எப்போது நுழைந்தார் என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் பதிவை, படிக்கத் தெரிந்த ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

இந்த வழக்குகளில் தொழில்நுட்பப் பக்கம் கைகொடுக்கிறவன் என்ற முறையில், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோடு அடிக்கடி உட்காருகிறேன். போன வருஷம் வந்தவர்கள் செய்த தவறையே இந்த வருஷம் வருபவர்களும் செய்கிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் செய்ததும் அதேதான். அதனால்தான் எழுதுகிறேன். தெரியாத பென் டிரைவைச் செருகாதே, வழக்கு விவரத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதே போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கருவியை மட்டும் கற்றுக்கொண்டு வருவது

காளி லினக்ஸ் தெரியும், வயர்ஷார்க் தெரியும், ஆட்டாப்சி தெரியும் என்று வருகிறார்கள். ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தில் 66சி எதற்கு, 66டி எதற்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள். முதலாவது அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதற்கு, இரண்டாவது கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு. இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளுக்கான 66ஏ பிரிவை 2015-இலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் பழைய நோட்ஸ் படித்துவிட்டு இன்னமும் அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஐ.டி. சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்கிறது 78-வது பிரிவு. நீங்கள் யாருக்காக ரிப்போர்ட் தயாரிக்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சாட்சியச் சட்டமும் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய, முன்பு 65பி சான்றிதழ் என்று சொன்னது இப்போது 63-வது பிரிவில் வருகிறது. அந்தச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. ஆதாரத்தைக் கொடுப்பவர் ஒன்றை நிரப்ப வேண்டும், நிபுணர் மற்றதை நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) என்ன, எந்த முறையில் போட்டது என்று படிவமே கேட்கிறது. சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. ராத்திரி பகலாக உட்கார்ந்து மீட்டெடுத்த சாட், இந்தத் தாள் இல்லாமல் கோர்ட்டில் நிற்காது.

நேரத்தைச் சரிபார்க்காமல் ஆளைத் தேடுவது

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒரு கல்லூரி மாணவியின் படத்தை மார்ஃபிங் செய்து போலி இன்ஸ்டாகிராம் கணக்கில் போட்டுவிட்டார்கள். விசாரணை அதிகாரி விவரம் கேட்டார், நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. லாகின் நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ஐ.பி. முகவரி, அதாவது இணைய இணைப்பின் எண். உதவிக்கு இருந்த பையன் கெட்டிக்காரன். பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி, டெலிகாம் நிறுவனத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை மளமளவென்று தயார் செய்துவிட்டான். லாகில் 20:47:13 என்று இருந்தது. கடிதத்தில் இரவு 8 மணி 47 நிமிடம் 13 விநாடி என்று போனது. அது பலருக்குப் பகிர்ந்து கொடுக்கப்படாத ஐ.பி. வெர்ஷன் 6 முகவரி என்பதால் பதிலில் ஒரே ஒரு சந்தாதாரர். எல்லோருக்கும் திருப்தி.

சிம் கார்டு முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு அம்மா பெயரில் இருந்தது. மகன் பிளஸ் டூ. விடியற்காலையில் வாசலில் ஜீப் நின்றதைத் தெருவே பார்த்தது. பையனிடமிருந்து போனை வாங்கியாயிற்று. அந்த அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “அந்த நேரம் போன் எங்கிட்டதான்யா இருந்துச்சு. தட்ட மடியில வச்சுப் பீடி சுத்திக்கிட்டே பாட்டுல்லா கேட்டுக்கிட்டு இருந்தேன். அவன் டியூசன் போயிருந்தான், வாத்தியார்ட்ட வேணா கேளுங்க.”

கூடப் போன ஏட்டையாவுக்கு அது உறுத்திவிட்டது. ஸ்டேஷனுக்கு வந்ததும் ஸ்கிரிப்ட் எழுதிய பையனைக் கூப்பிட்டு, “ஏல தம்பி, அந்தக் கம்பெனிக்காரன் போட்டிருக்க நேரம் நம்ம ஊரு நேரந்தானா?” என்று கேட்டார். கம்ப்யூட்டர் படிக்காத மனிதர். படித்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இல்லை. தாளின் மேலேயே யூ.டி.சி., அதாவது உலகப் பொது நேரம், என்று போட்டிருந்தது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் அடுத்த நாள் அதிகாலை 2:17. நேரத்தோடு தேதியும் மாறிவிட்டது. யூ.டி.சி. கணக்கில் மாலை 6:30 தாண்டியதெல்லாம் நமக்கு மறுநாள். சரியான நேரத்தைப் போட்டு மறுபடி கேட்டபோது வந்தது வேறு எண், வேறு ஆள். அது அந்த மாணவிக்குத் தெரிந்த ஒருவர்தான். பிளஸ் டூ பையனுக்குப் போன் திரும்பக் கிடைத்தது. ஆனால் ‘போலீஸ் வந்த வீடு’ என்ற பேச்சைத் திரும்ப எடுக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. அந்தப் பையன் இரண்டு தெரு சுற்றிப் பள்ளிக்கூடம் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உதவிக்கு இருந்தவன் சொன்ன பதில்தான் என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது: “லாக்ல அப்படித்தான் சார் இருந்துச்சு.” லாகில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதுவதற்குப் பட்டப்படிப்பு எதற்கு? அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத்தானே உங்களைக் கூப்பிடுகிறார்கள்?

வெளிநாட்டு நிறுவனங்களின் பதில் பெரும்பாலும் யூ.டி.சி.யில் வரும். நம் டெலிகாம் நிறுவனங்களின் சி.டி.ஆர். (அழைப்பு விவரப் பதிவு) இந்திய நேரத்தில் வரும். இரண்டையும் ஒரே ஷீட்டில் ஒட்டிவிட்டு ‘மேட்ச்’ தேடுபவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போனுக்குள் போனால் இன்னும் சிக்கல். யூனிக்ஸ் நேரம் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகிறது. குரோம் ஹிஸ்டரி 1601 ஜனவரி 1-இலிருந்து, அதுவும் மைக்ரோ விநாடியில். ஐபோனின் பல கோப்புகள் 2001 ஜனவரி 1-இலிருந்து. வாட்ஸ்அப் டேட்டாபேஸில் இருப்பது மில்லி விநாடி, 13 இலக்கம். அதை 10 இலக்க விநாடி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் வரும் தேதியைப் பார்த்து நீங்களே மிரண்டுபோவீர்கள். அப்படி மிரள வைக்கும் தவறு நல்லது, மாட்டிக்கொள்ளும். ஐந்தரை மணி நேரத் தவறு மாட்டாது. பார்க்க ஒழுங்கான நேரம் போலவே இருக்கும்.

கடைகளின் சி.சி.டி.வி. இதைவிட மோசம். வண்ணார்பேட்டையில் ஒரு கடையின் டி.வி.ஆர். (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) கடிகாரம் முக்கால் மணி நேரம் பின்னால் ஓடியது. பெட்டியைக் கழற்றுவதற்கு முன், திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் போனில் தெரியும் நேரத்தையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்பதை மகஜரிலேயே (சாட்சிகள் முன்னால் எழுதும் பறிமுதல் குறிப்பு) எழுதச் சொல்லுங்கள். பறிமுதல் செய்து கொண்டுவந்த பிறகு அதை நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொன்று. பழைய ஐ.பி. வெர்ஷன் 4 முகவரி என்றால் நேரம் சரியாக இருந்தாலும் ஒரே ஆள் கிடைக்க மாட்டார். டெலிகாம் நிறுவனம் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. சோர்ஸ் போர்ட் எண் (அந்த முகவரிக்குள் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்) இருந்தால்தான் பிரித்தெடுக்க முடியும். போர்ட் இல்லை என்றால் ஒரு நீளமான பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு கிளம்பக் கூடாது. வேறு வேறு நாள் லாகின்களுக்கும் பட்டியல் வாங்கி, எல்லாவற்றிலும் திரும்ப வரும் எண் எது என்று பாருங்கள். உங்கள் படிப்பு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். தாமதிக்கவும் வேண்டாம், இந்தப் பதிவுகளை டெலிகாம் நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுதான் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம விதி.

நான் இப்போது பிள்ளைகளிடம் வற்புறுத்துவது இது: கடிதத்தில் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள். யூ.டி.சி. இது, இந்திய நேரம் இது, தேதியோடு. கையால் கூட்டாதீர்கள், ஸ்கிரிப்டில் டைம் ஜோனைக் குறிப்பிட்டே மாற்றுங்கள். அப்புறம் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். எவ்வளவு அவசரமான வழக்கானாலும் இதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்.

வங்கி ஸ்டேட்மென்டை எக்செல்லில் டபுள் கிளிக் செய்வது

எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்திருக்கும். 16 இலக்க அக்கவுண்ட் நம்பரின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போகும். ஏப்ரல் 5 சில கம்ப்யூட்டர்களில் மே 4 ஆகும். சி.எஸ்.வி. கோப்பை நேரே திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, இந்த எண்களும் தேதிகளும் இருக்கும் நெடுவரிசையை (column) ‘டெக்ஸ்ட்’ என்று வையுங்கள்.

பணம் போன வழியைப் பட்டியல் போடும்போது தொகையையும் தனியாக எழுதுங்கள். பாளை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு, மோசடிப் பணத்திலிருந்து 300 ரூபாய் கியூ.ஆர். கோடு வழியாக வந்துவிட்டது. வந்தது கத்தரிக்காய்க்கான காசு. பட்டியலில் அக்கவுண்ட் நம்பர் மட்டும் இருந்ததால் மொத்தக் கணக்கும் முடங்கியது, மறுநாள் சரக்கு எடுக்க அவரிடம் பணம் இல்லை. பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்ல வழி இருக்கிறது. அதற்கு உங்கள் பட்டியலில் தொகை இருக்க வேண்டும்.

ஒரிஜினலில் வேலை பார்ப்பது

கூடாது. ரைட் பிளாக்கர் (ஒரிஜினலில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) போட்டு இமேஜ், அதாவது முழு நகல், எடுங்கள், ஹாஷ் குறித்துக்கொள்ளுங்கள், நகலில் பாருங்கள்.

கல்லூரி போர்ட்டலை உடைத்துக் காட்டுவது

எழுத்தில் அனுமதி இல்லையென்றால் அது குற்ற வழக்காகலாம், 3 ஆண்டு வரை சிறை. வழக்கு இருந்தால் போலீஸ் வேலைக்கான சரிபார்ப்பில் சிக்கல்.

வந்தவரிடம் ‘ஏன் ஓ.டி.பி. கொடுத்தீங்க’ என்று கேட்பது

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், போலீஸ் போல வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டியவர்களிடம் பணத்தை இழந்துவிட்டு வந்து நின்றார். பயிற்சிக்கு வந்த பெண் அவரிடம் டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று விளக்க ஆரம்பித்தாள். சொன்னது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் பணம் ஒரு மியூல் அக்கவுண்டிலிருந்து (மோசடிப் பணத்தைக் கடத்தப் பயன்படும் அடுத்தவர் கணக்கு) அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் பதிவு, பரிவர்த்தனை எண், வங்கி, தொகை, நேரம். அழுகிறவருக்குத் தண்ணீர். விளக்கம் எல்லாம் அப்புறம்.

எந்த வாசல் என்று தெரியாமல் நிற்பது

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டப்படிப்பும் போதும். தேர்வானதும் நேராக சைபர் பிரிவில் உட்கார வைக்க மாட்டார்கள். சாதாரண ஸ்டேஷன் வேலையும் பார்க்க வேண்டும், அது நல்லதுதான். ‘தொழில்நுட்ப எஸ்.ஐ.’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது முக்கியமாக ஒயர்லெஸ், தகவல் தொடர்புப் பக்கம். எஸ்.ஐ. ஆக வேண்டுமென்றால் ஓடியே ஆக வேண்டும். ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். லேப்டாப் முன்னால் மூன்று வருஷம் உட்கார்ந்துவிட்டுக் கடைசி மாதத்தில் வ.உ.சி. மைதானத்துக்குப் போய் ஓடினால் மூச்சு வாங்கும்.

சீருடை வேண்டாம் என்றால் தடய அறிவியல் துறை இருக்கிறது. அது தனித் துறை, நெல்லையிலேயே வட்டார ஆய்வகம் உண்டு. வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு, டெலிகாம் நிறுவனங்களில் போலீஸ் கேட்கும் விவரங்களுக்குப் பதில் தரும் நோடல் அலுவலகம் இவையும் இதே வேலையின் மறுபக்கம்தான். மேலே படிக்க காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் யோசிப்பவர்கள், நெல்லைக்குப் பக்கத்து அபிஷேகப்பட்டியை மறந்துவிடுகிறார்கள். அங்கே இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் இருந்தபோதுதான் கே. ஜெய்சங்கர் சைபர் குற்றவியலுக்கென்றே ஓர் ஆய்விதழை 2007-இல் தொடங்கினார். கம்ப்யூட்டர் படித்தவர் அந்தத் துறைப் பாடத்தையும் சேர்த்துப் படித்தால் வேறு இடத்தில் கிடைக்காத சேர்க்கை அது.

எந்த வாசலில் நுழைந்தாலும் தமிழில் எழுத வேண்டியிருக்கும். எஸ்.ஐ. தேர்விலேயே தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. பயிற்சிக்கு வரும்போது சர்வர் அறையைத் தேடாமல் ஸ்டேஷன் ரைட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். பறிமுதல் மகஜரில் ஒரு போனை எப்படி எழுதுவது, நிறம், ஐ.எம்.இ.ஐ. (போனின் அடையாள எண்), திரையில் கீறல், சிம் எத்தனை, ஏரோபிளேன் மோடில் போட்ட நேரம் என்று வரிசையாகச் சொல்லித் தருவார். அந்த நேரத்தை மட்டும் அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.